துன்பமில்லாத ஊரும் மௌனமாயிருந்த முதியவரும்

நல்ல ஊர் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வி மிகப் பழையது. பிளேட்டோ தனது 'குடியரசு' நூலில் ஒரு நகரத்தை அமைத்துக் காட்டினார். அங்கே காவலர் வகுப்பின் பிள்ளைகள் இன்னாருடையவர் என்று அறியப்படாமல் பொதுவில் வளர்வார்கள். ஒவ்வொருவரும் தமது இயல்புக்கேற்ற ஒரே தொழிலைச் செய்வார்கள். நகரின் ஒற்றுமைக்காக ஆள்வோர் ஒரு பொய்யைச் சொல்வதற்கும் பிளேட்டோ இடம் கொடுத்தார். 10ஆம் நூற்றாண்டில் நமது அபூ நஸ்ர் அல் பாராபி 'சிறந்த நகரம்' பற்றி ஒரு நூலே எழுதினார். 1516இல் தோமஸ் மோர் எழுதிய 'உத்தோபியா' என்ற பெயர் பிற்பாடு எல்லாக் கனவு ஊர்களுக்கும் பொதுப்பெயராயிற்று. ஆசிரியர் கலாசாலையில் கல்வித் தத்துவம் படித்தவர்கள் பிளேட்டோவின் நகரத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்திருப்பார்கள். அந்த நகரத்தில் ஒரு பிள்ளையாக வாழ்ந்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வி அந்த வினாத்தாள்களில் வருவதில்லை.

அந்தக் கேள்வியைப் பிள்ளைகளிடமே கேட்டவர் அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரி. அவரது 'த கிவர்', அதாவது 'கொடுப்பவர்' என்ற நாவல் 1993இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தைப் பெற்றது. அன்று முதல் அந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதை வகுப்பில் வாசித்து விவாதித்து வருகிறார்கள். நான் அதை ஆங்கிலத்தில் வாசித்தபின், எமது கிராமப் பாடசாலையின் தரம் 10, தரம் 11 பிள்ளைகளுக்குப் பாடவேளை கிடைத்தபோதெல்லாம் பகுதி பகுதியாகத் தமிழில் சொன்னேன். அவர்கள் சொன்ன அபிப்பிராயங்களும், அமெரிக்கப் பிள்ளைகள் அந்த ஆசிரியைக்கு எழுதிய அபிப்பிராயங்களும் சேர்ந்தே இக்கட்டுரைக்குக் காரணம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோனாஸ் என்ற சிறுவனுக்கு விரைவில் பன்னிரண்டு வயது. அவனது ஊரில் யுத்தம் இல்லை, பசி இல்லை, வேலையில்லாதவர் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாய், ஒரு தந்தை, ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. பிள்ளைகளைப் பெறுவதற்கென வேறு பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் மூன்று பிள்ளைகளைப் பெற்றபின் கூலி வேலைக்கு அனுப்பப்படுவார்கள். ஒன்பது வயதில் எல்லோருக்கும் சைக்கிள் கிடைக்கும். பன்னிரண்டு வயதில் ஊர் மூத்தோர் சபை ஒவ்வொருவருக்கும் தொழிலைத் தீர்மானித்துக் கொடுக்கும். இரவு உணவுக்குப் பின் குடும்பத்தினர் அன்றைய மன உணர்வுகளைச் சொல்ல வேண்டும். காலையில் கண்ட கனவைச் சொல்ல வேண்டும். தவறு செய்தவர் உடனே மன்னிப்புக் கேட்பார்; மற்றவர் உடனே மன்னிப்பார். அங்கே மலை இல்லை, பனி இல்லை, நிறங்களும் இல்லை. யாரும் அவற்றைத் தேடுவதுமில்லை, ஏனெனில் அவை ஒருகாலத்தில் இருந்தன என்பதே எவருக்கும் நினைவில்லை.

ஊரின் பழைய நினைவுகள் முழுவதையும் ஒரே ஒரு மனிதர் சுமக்கிறார். அவருக்கு 'நினைவு பெறுபவர்' என்று பெயர். அவருக்கு வயதாகிவிட்டதால் அடுத்த பெறுநராக ஜோனாஸ் தெரிவு செய்யப்படுகிறான். அன்று முதல் முதியவர் 'கொடுப்பவர்' ஆகிறார். முதுகில் கை வைத்து நினைவுகளை ஒவ்வொன்றாக அவனுக்குள் செலுத்துகிறார். பனிச்சறுக்கலின் மகிழ்ச்சி, வெயிலின் சூடு, கால் முறிந்த வேதனை, பசி, கடைசியில் யுத்தம். கூடவே அன்பு நிறைந்த ஒரு குடும்பத்தின் நினைவையும் கொடுக்கிறார். வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையிடம் 'என்னை நேசிக்கிறீர்களா' என்று ஜோனாஸ் கேட்கிறான். அவர்கள் சிரித்துவிட்டு, பொருளற்றுப்போன ஒரு சொல்லைப் பாவிக்காதே, மொழியைச் சரியாகக் கையாள் என்று திருத்துகிறார்கள்.

இதுவரை சொல்லி நிறுத்திவிட்டு, இந்த ஊர் நல்ல ஊரா, கெட்ட ஊரா என்று பிள்ளைகளிடம் கேட்டேன். நாவலைப் படிக்கும் பெரியவர்கள் அநேகமாக இந்த இடத்திலேயே அந்த ஊரை வெறுக்கத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அது நல்ல ஊர் என்றார்கள்.

"சேர், அந்த ஊர்ல எல்லாரும் ராவைக்கு ஒண்டா இருந்து சாப்பிடுறாங்க. உம்மாவும் வாப்பாவும் ரெண்டு பேரும் இருக்காங்க. இண்டைக்கு என்ன நடந்ததெண்டு கேக்குறாங்க. அது போதும்தானே?" என்றாள் ஒரு பிள்ளை. அவளது தாய் சில வருடங்களாக வளைகுடாவில் வீட்டுவேலை செய்கிறார். "படிச்சு முடிச்ச நானாமார் வேலையில்லாம சும்மா நிக்கிறாங்க. அங்க பன்னிரண்டு வயசிலேயே வேலை தெரிஞ்சிரும்" என்றான் இன்னொருவன். நிறமில்லாவிட்டால் என்ன, சண்டையில்லையே என்றார்கள் சிலர்.

இந்த அபிப்பிராயத்தை விளங்காத பிள்ளைகளின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. சுதந்திரத்தின் அருமையைப் பற்றி வயிறு நிறைந்தவன் பேசுவது இலகு. பாதுகாப்பு இல்லாதவனுக்குப் பாதுகாப்பு ஒரு சிறிய விடயம் அல்ல. லோரியும் இதை அறிந்தே எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிறுமியாக டோக்கியோவில் வாழ்ந்தபோது, வேலி அடைத்த ஓர் அமெரிக்கக் குடியிருப்புக்குள் தன் குடும்பம் இருந்ததையும், அந்தச் சுகமான வேலிக்கு வெளியே தான் சைக்கிளில் ஜப்பானியத் தெருக்களுக்குப் போய் வந்ததையும் பதக்கம் பெற்ற விழாவின் உரையில் அவர் சொல்லியிருக்கிறார். வேலி தீய எண்ணத்தால் போடப்பட்டதல்ல. பிள்ளைகளின் நலனை எண்ணிப் போடப்பட்டது. ஜோனாஸின் ஊரும் அப்படித்தான். பழைய காலத்தில் பசியையும் யுத்தத்தையும் கண்டு களைத்த மனிதர்கள், தம் சந்ததி இவற்றை அனுபவிக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். ஆகவே அந்த ஊரைக் குறை சொல்வதற்கு நிறமில்லை, இசையில்லை என்பவை போதா. வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் 'விடுவிப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. முதியவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள், அவர்களுக்காக ஒரு விழா நடக்கும். வளர்ச்சி குறைந்த குழந்தைகளும், மூன்று முறை விதி மீறியவர்களும் விடுவிக்கப்படுகிறார்கள். அவர்கள் 'வேறிடம்' போகிறார்கள் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். ஜோனாஸின் தந்தை குழந்தை பராமரிப்பாளர், மிகவும் மென்மையான மனிதர். இரட்டைக் குழந்தைகள் பிறந்த ஒரு காலையில், அவர் இரண்டையும் நிறுக்கிறார். எடை குறைந்ததன் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றுகிறார். அது அசைவற்றதும் ஒரு பெட்டிக்குள் வைத்துக் குப்பைக் குழாயில் தள்ளி, கையசைத்து விடை கொடுக்கிறார். பதிவு செய்யப்பட்ட அந்தக் காட்சியை ஜோனாஸ் பார்க்கிறான்.

இந்த இடத்தைச் சொன்ன நாளில் வகுப்பு அமைதியாகிவிட்டது. மறுநாள்தான் விவாதம் எழுந்தது. வாப்பா குற்றவாளியா? "கொலைதான் சேர், கையால செஞ்சவர் அவர்தானே" என்றது ஒரு பக்கம். "மௌத்து எண்டா என்னெண்டே தெரியாதவர் எப்படிக் கொலைகாரர் ஆகுவார்?" என்றது மறுபக்கம். நமது மார்க்கத்தில் பொறுப்பு என்பது புத்தியோடும் பருவத்தோடும் சேர்த்தே பேசப்படுவதை ஒரு மாணவன் நினைவூட்டினான். அப்படியானால் அந்த ஊரில் உள்ள எல்லோரும் பருவமடையாத பிள்ளைகளைப் போன்றவர்களா என்று அவன் கேட்டான். பெரியவர்களையும் முடிவில்லாத சிறுபிள்ளைத்தனத்தில் வைத்திருப்பதே அந்த ஊரின் ஏற்பாடு என்பதை எந்த விமர்சகரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இங்கே பாராபி நமக்கு உதவுகிறார். சிறந்த நகருக்கு எதிரான நகரங்களை அவர் வகைப்படுத்தினார். அவற்றில் ஒன்று அறியாமை நகரம், 'ஜாஹிலிய்யா'. அதன் மக்கள் உண்மையான நற்பேறு எதுவென்று அறியமாட்டார்கள், சொன்னாலும் விளங்கமாட்டார்கள். இன்னொன்று 'பாஸிக்' நகரம். அதன் மக்களுக்கு உண்மை தெரியும், ஆனால் அறியாதவர்களைப் போலவே வாழ்வார்கள். இரண்டாவது நகரத்தின் நிலையே மோசமானது என்பது அவரது தீர்ப்பு. உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய ஓமலாஸ் நகரத்துச் சிறுகதையை அறிந்தவர்கள் இந்த வேறுபாட்டை உடனே காண்பார்கள். அங்கே ஒரு குழந்தை இருட்டறையில் வதைபடுவதால்தான் நகரம் மகிழ்ச்சியாக இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். லோரியின் ஊரிலோ யாருக்கும் தெரியாது. ஓமலாஸ் பாஸிக் நகரம் என்றால், ஜோனாஸின் ஊர் அறியாமை நகரம்.

ஆனால் அந்த ஊரின் அறியாமை மலையும் மழையும் போல இயற்கையாக வந்ததல்ல. பேணப்படும் அறியாமை அது. மொழியைச் சரியாகப் பாவிக்க வேண்டும் என்று குழந்தைகளை அடித்துப் பழக்கும் ஊரில், மிக முக்கியமான ஒரு செயலுக்கு மட்டும் பிழையான பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. 'அன்பு' என்ற சொல் தெளிவில்லாதது என்று சிரித்தவர்கள் 'விடுவிப்பு' என்ற சொல்லின் பொருளை ஒருநாளும் கேட்கவில்லை. ஓர் ஊர் எந்தச் சொல்லைக் கேள்வி கேட்காமல் விடுகிறதோ, அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் அதன் அநியாயம் இருக்கும். இதைத் தமிழ்ப் பாட ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடினச் சொல்லுக்குப் பொருள் எழுதப் பழக்குகிறோம். எல்லோருக்கும் தெரிந்ததாக நினைக்கும் சொல்லுக்குப் பொருள் கேட்கப் பழக்குவதில்லை.

தந்தையைப் பற்றிய விவாதம் இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கேட்ட கேள்வி முழு நாவலையும் வேறு பக்கம் திருப்பிவிட்டது. "வாப்பாவுக்குத் தெரியாது. சரி. அந்தக் கிழவருக்கு எல்லாம் தெரியும்தானே சேர்? அவர் ஏன் இவ்வளவு காலமும் சும்மா இருந்தார்?"

இந்நாவலை வாசிக்கும் இளையவர்கள் முதியவரை நேசிக்கிறார்கள். அவர் ஞானி, அவர் துன்பம் சுமப்பவர், அவர் ஜோனாஸின் உண்மையான தந்தை. நாவலின் பெயரே அவருடையது. ஆனால் விபரங்களை எடுத்து வைத்துப் பார்ப்போம். அவருக்கு எந்தக் கேள்வியும் கேட்க உரிமை உண்டு. மற்றவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். எந்த விடுவிப்பின் பதிவையும் அவரால் பார்க்க முடியும். மூத்தோர் சபை அவரிடம் ஆலோசனை கேட்கிறது. பிறப்புகளைக் கூட்டலாமா என்று ஒருமுறை கேட்டபோது, பசியின் நினைவு தன்னிடம் இருந்ததால் வேண்டாம் என்று சொன்னார், சபை ஏற்றுக்கொண்டது. ஆக அவருடைய சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஜோனாஸுக்குப் பத்து வருடங்களுக்கு முன் ரோஸ்மேரி என்ற பெண்ணுக்கு அவர் நினைவுகளைக் கொடுக்கத் தொடங்கினார். அவள் அவருடைய மகள். ஐந்து வாரங்களில் பாரம் தாங்காமல் அவள் தானே விடுவிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளிடமிருந்த நினைவுகள் ஊருக்குள் திரும்பிப் பரவி மக்கள் கலங்கிப்போனார்கள். நினைவு ஊருக்குத் திரும்ப முடியும் என்பது அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பின்பும் பத்து வருடங்கள் அவர் அந்த அறையில் இருந்தார். அந்தப் பத்து வருடங்களில் எத்தனை குழந்தைகளின் எடை நிறுக்கப்பட்டிருக்கும்?

பாராபியின் அளவுகோலில் வைத்தால், அறியாமை நகரத்துக்குள் பாஸிக் நகரம் ஒரே ஒருவரின் வடிவில் குடியிருந்தது.

முதியவருக்காகப் பேசிய பிள்ளைகளும் இருந்தார்கள். தனி ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள் என்றார்கள். சொன்னாலும் சொல்லுக்குப் பொருள் தெரியாத ஊரில் எதைச் சொல்வது என்றார்கள். இது நியாயமான வாதம். 'மரணம்' என்ற அறிவே இல்லாதவரிடம் 'நீ கொலை செய்கிறாய்' என்று கூறுவதில் பயனில்லை. மகளை இழந்தவர் துணிவிழந்து போயிருக்கலாம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். "அவர் ஒரு பிள்ளை வரும்வரை பார்த்துக்கொண்டிருந்திருப்பார்" என்றான் இன்னொருவன்.

இவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்ட பின்பும் அந்த மாணவியின் கேள்வி மிஞ்சி நிற்கிறது. அறியாதவனின் தவறை நாம் விளக்கலாம், மன்னிக்கலாம். அறிந்தவனின் மௌனம் அப்படியல்ல. அது ஊரின் ஏற்பாட்டில் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஊருக்கு அவர் தேவைப்பட்டதே அதற்காகத்தான். எல்லா அறிவையும் ஒருவரிடம் கொடுத்து, அவருக்கு மரியாதையும் தனி அறையும் ஆயிரக்கணக்கான நூல்களும் கொடுத்து, அவரைத் தனிமையில் வைத்துவிட்டால் ஊர் நிம்மதியாக உறங்கலாம். அறிவாளிகளைக் கௌரவித்தே மௌனமாக்குவது கற்பனை ஊர்களில் மட்டும் நடப்பதல்ல. எழுத்தாளர்கள் இதை என்னைவிட நன்கு அறிவார்கள்.

முதியவரை இறுதியில் அசைத்தது கொள்கை அல்ல, ஒரு பிள்ளையின் கண்ணீர். தந்தை செய்ததைப் பார்த்து ஜோனாஸ் உடைந்துபோன இரவில்தான் இருவரும் திட்டமிடுகிறார்கள். ஜோனாஸ் ஊரை விட்டு வெளியேறினால் அவனிடமுள்ள நினைவுகள் மக்களிடம் திரும்பும். 'நீங்களும் வாருங்கள்' என்று அவன் கெஞ்சும்போது முதியவர் மறுத்துவிடுகிறார். திடீரென்று வந்து சேரும் துன்பத்தைத் தாங்க மக்களுக்கு ஒருவர் தேவை. அதற்காக நான் இங்கே நிற்பேன் என்கிறார். அவருடைய நீண்ட மௌனத்துக்கு ஏதாவது ஈடு இருக்குமானால் இந்த நிற்றல்தான். உண்மையைச் சொல்லிவிட்டு ஓடுவது இலகு. சொல்லப்பட்டவர்கள் அழும்போது அருகில் இருப்பது கடினம்.

விடுவிக்கப்படவிருந்த கேப்ரியல் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜோனாஸ் வெளியேறுகிறான். பனியும் பசியும் அவர்களை வாட்டுகின்றன. முடிவில் ஒரு குன்றின் உச்சியிலிருந்து சறுக்கிச் செல்கையில் தூரத்தில் விளக்குகள் தெரிகின்றன, இசை கேட்கிறது. அவ்வளவுதான். அவர்கள் பிழைத்தார்களா, இறந்தார்களா? அமெரிக்கப் பிள்ளைகள் லோரிக்கு எழுதிய கடிதங்களில் இதைப் பற்றியே அதிகம் கேட்டார்கள். 1994ஆம் ஆண்டின் உரையில் அவர் அவற்றுள் சிலவற்றை எடுத்துச் சொன்னார். ஒரு பிள்ளை அது சுவர்க்கம் போலத் தெரிகிறது என்றது. இன்னொன்று அவர்கள் வட்டமாகச் சுற்றித் தமது பழைய ஊருக்கே வந்துவிட்டார்கள், ஊர்தான் இப்போது மாறியிருக்கிறது என்றது. சரியான முடிவு இதுதான் என்று சொல்ல லோரி அன்று மறுத்துவிட்டார். 2004இல் வந்த 'மெசெஞ்சர்', 2012இல் வந்த 'சன்' ஆகிய தொடர் நாவல்களில் அவர்கள் உயிரோடு இருப்பது தெரியவருகிறது.

எங்கள் வகுப்பில் பெயர்களைக் கொண்டே ஒரு முடிவு சொல்லப்பட்டது. ஜோனாஸ் என்றால் யூனுஸ், கேப்ரியல் என்றால் ஜிப்ரீல் என்று கண்டுபிடித்த ஒரு மாணவன், யூனுஸ் நபி ஊரை விட்டுப் போனாலும் அவருடைய சனங்கள் திருந்தினார்கள், அவரும் திரும்பி வந்தார். ஆகவே ஜோனாஸும் திரும்புவான் என்றான். லோரி அப்படி நினைத்தாரோ இல்லையோ, வட்டமாகச் சுற்றி வந்த அமெரிக்கப் பிள்ளையின் முடிவும் இவனுடைய முடிவும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இரு பிள்ளைகளும் தப்பியவனைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. விட்டு வந்த ஊருக்கு என்ன ஆனது என்று கவலைப்பட்டார்கள்.

இந்த நாவலைப் பாடசாலைகளிலிருந்து அகற்ற வேண்டும் என்று அமெரிக்காவில் பெற்றோர் சிலர் பலமுறை முறைப்பாடு செய்திருக்கிறார்கள். 1990களில் அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட நூல்கள் என அமெரிக்க நூலகச் சங்கம் வெளியிட்ட பட்டியலில் அது இடம்பெற்றது. சிசுக்கொலையும் தற்கொலையும் பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல என்பது அவர்களது காரணம். அவர்களது அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பிள்ளைகளைத் துன்ப அறிவிலிருந்து காப்பாற்றுவதற்காக நினைவைப் பூட்டி வைக்கும் ஊரைப் பற்றிய நூலை, அதே காரணத்துக்காகப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

இது நமக்கும் நெருக்கமான கேள்வி. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் இன்றைய மாணவர்கள் காணவில்லை. அவர்களுடைய மூத்தம்மாமார் கண்டார்கள். சொல்வதா, விடுவதா? சொன்னால் பிஞ்சு நெஞ்சில் வெறுப்பு வளரும் என்கிறார்கள் சிலர். சொல்லாவிட்டால் வரலாறே அழியும் என்கிறார்கள் வேறு சிலர். லோரியின் முதியவர் இதற்கு ஒரு வழிமுறையைக் காட்டுகிறார். அவர் முதலில் யுத்தத்தைக் கொடுக்கவில்லை, பனிச்சறுக்கலைக் கொடுத்தார். வேதனையைக் கொடுத்த நாட்களில் ஆறுதலான ஒன்றையும் கொடுத்தார். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர் கொடுத்த யுத்த நினைவு அவருடைய குலத்தின் நினைவு அல்ல. எந்தப் பக்கம் என்று தெரியாத ஒரு சிறுவன் போர்க்களத்தில் தண்ணீர் கேட்டு இறந்துபோகும் நினைவு அது. நம் துன்பத்தை மட்டும் கொடுத்தால் பிள்ளை கணக்கு வைத்துக்கொள்ளும். 1983 ஜூலையில் எரிந்த வீட்டையும், வன்னியில் 2009இல் பதுங்கு குழிக்குள் இருந்த பிள்ளையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் நினைவு மனிதனை வளர்க்கும்.

இளைய வாசகர்களின் அபிப்பிராயங்களைக் கேட்பதில் ஒரு நன்மை உண்டு. நாம் நாவலில் தேடாத இடத்தில் அவர்கள் நின்று கேட்பார்கள். குறையில்லாத ஊர் ஏன் குறையுடையது என்று எழுதப் பெரியவர்களிடம் நூறு விடைகள் உண்டு. அறிந்தவர் ஏன் பேசவில்லை என்ற கேள்விக்கு அவ்வளவு விடைகள் இல்லை. அதைக் கேட்ட பிள்ளை இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். அந்த வினாத்தாளில் இந்தக் கேள்வி வராது. அவள் வாழப்போகும் ஊரில் அது பலமுறை வரும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர்கள் அவளுக்கு முன்பே அறிந்திருந்த நாம்தான்.